ஐப்பசியில் வாங்கிய கருப்பட்டி

ஐம்பது கிலோ கருப்பட்டி என்று நினைத்து நான் வாங்கியது கருப்பட்டியே இல்லை என்று தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. பதினாறாயிரம் ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது. பணத்தைக்கூட விடுங்கள், என்னை நம்பி வாங்கிய ஒன்பது பேரை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்ன அந்த இரண்டு நாளை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. வாங்கும் முன் யாராவது ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அந்தக் கேள்வி என்ன என்பதை வேறு யாருக்காவது சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருப்பது ராமநாதபுரம் டவுனில். வீட்டில் தையல் வேலை. கணவர் துபாயில், பிள்ளைகள் இரண்டு பேர் பள்ளிக்கூடத்தில். பிறந்தது பரமக்குடிப் பக்கம் என்பதால் பனைத் தொழில் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கருப்பட்டி என்றால் கடையில் வாங்கித் தட்டிப் போடுவது, அவ்வளவுதான். போன ஆவணியில் சென்னையில் இருக்கும் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்தது. உளுந்தங்களிக்கு என்று ஐந்து கிலோ கருப்பட்டி அனுப்பினேன். சாயல்குடிப் பக்கத்துக்காரர், எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, ஊருக்குப் போனபோது வாங்கி வந்து கொடுத்தது அது. அவள் அலுவலகத்தோழிகள் குழந்தையைப் பார்க்க வந்தபோது அதில் போட்ட காபியைக் குடித்துவிட்டு, "உங்க அக்கா ஊர்ல இருந்து எங்களுக்கும் வாங்கித் தரச் சொல்லுப்பா" என்று பிடித்துக்கொண்டார்கள். தீபாவளிக்குள் வேண்டும் என்று ஒன்பது பேர், மொத்தம் ஐம்பது கிலோ. பார்சல் செலவு சேர்த்துக் கிலோ 300 ரூபாய் என்று சொல்லி, 15,000 ரூபாயை முன்கூட்டியே வாங்கிவிட்டேன். நான் செய்த முதல் தப்பு அதுதான். பொருளைக் கண்ணால் பார்க்கும் முன் விலையைச் சொல்லிவிட்டேன். அப்புறம் கடைகளில் விசாரித்தால் நல்லது 400 ரூபாய்க்குக் குறைந்து யாரும் தரவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் ஊரோடு குடி போய்விட்டார், போன் எடுக்கவில்லை. சொன்ன விலைக்குப் பொருள் தேடும் அவசரத்தில்தான் அந்த வளைவில் வண்டியை நிறுத்தினேன்.

கீழக்கரையில் ஒரு ஜாக்கெட் ஆர்டரைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் திரும்பி வந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு வளைவு, சாலையோரம் இரண்டு பனைமரம், அடியில் சாக்கு விரித்து ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். முன்னால் நாலைந்து ஓலைக் கொட்டான்களில் கருப்பட்டி. பக்கத்தில் பாளை சீவுகிற அரிவாள், ஒரு மண் கலயம். சட்டை போடவில்லை, தோளில் துண்டு. நெஞ்சில் மரம் உரசி உரசிக் காய்த்துப்போன தழும்பு நன்றாகத் தெரிந்தது. அரிவாளின் பின்புறத்தால் ஒன்றைத் தட்டி உடைத்து, "வாயில போட்டுப் பாரு தாயி, நேத்து ராத்திரி காய்ச்சினது, கைய வச்சுப் பாரு, இன்னும் சூடு ஆறல" என்று கொடுத்தார். தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. கிலோ 240 என்றார். மரம் ஏறுகிறவரிடமே நேராக வாங்குகிறோம், இடையில் வியாபாரி யாரும் இல்லை, அதனால்தான் விலை குறைவு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது. பேரம் பேசவில்லை. அன்றைக்குப் பத்துக் கிலோதான் இருந்தது. மீதி நாற்பது கிலோவை மறுநாள் காலையில் வீட்டுக்கே அனுப்புவதாகச் சொல்லி யாருக்கோ போன் போட்டார். சொன்னபடியே காலை எட்டு மணிக்கு ஒரு லோடு ஆட்டோ வந்து இறக்கிவிட்டுப் போனது. 12,000 ரூபாய் கொடுத்தேன். பில் கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். அன்றைக்கு ஐப்பசி மாதம். எங்கள் கடற்கரையில் பனை பாளை விட்டுப் பதனீர் இறங்குவது மாசி, பங்குனியில் சூடு பிடித்து ஆடி, ஆவணி வாக்கில் ஓய்ந்துவிடும். ஐப்பசியில் மழை பிடித்துவிடும், மரம் வழுக்கும், கலயத்தில் மழைத்தண்ணீர் இறங்கும், யாரும் ஏறுவதில்லை. "இது எந்த மாசப் பதனீர்?" என்று கேட்க வேண்டிய இடத்தில், சூடு ஆறவில்லை என்பதைக் கேட்டு நான் மகிழ்ந்துபோனேன். ஐப்பசியில் சூடாக ஒரு கருப்பட்டி கிடைக்கிறது என்றால் அந்த அடுப்பில் காய்ந்தது சீனிப்பாகுதான். அந்த மாதத்தில் கிடைக்கும் நல்ல கருப்பட்டி சித்திரை, வைகாசியில் காய்ச்சிப் பரணில் ஏற்றி வைத்த பழையதாகத்தான் இருக்க முடியும். மேலே கறுத்து, மழை ஈரத்தில் லேசாகக் கசிந்து, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். பார்க்க அழகாக இருக்காது. பழசு என்று நாம் ஒதுக்குவதும், புதுசு என்று நாம் எடுப்பதும் அந்த மாதத்தில் தலைகீழ்.

இன்னொன்றையும் நான் யோசிக்கவில்லை. ஒரு பெரியவர் ஒரே ராத்திரியில் நாற்பது கிலோவுக்கு எங்கே போவார்? சுமார் எட்டு முதல் பத்து லிட்டர் பதனீரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி கிடைக்கும். நாற்பது கிலோ என்றால் நானூறு லிட்டர் வரை வேண்டும். அதற்கு எத்தனை மரம், எத்தனை ஏற்றம், எத்தனை அண்டா, எவ்வளவு விறகு! சாலையோரம் ஒருவர் கேட்ட அளவை மறுநாளே கொண்டுவந்து இறக்குகிறார் என்றால் பின்னால் வேறு ஒரு ஆள் இருக்கிறார் என்றுதான் பொருள்.

அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது கண்ணில் பட்டவற்றையும் சொல்கிறேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம், அச்சில் வார்த்ததுபோல. நல்ல கருப்பட்டியைச் சிரட்டையில் ஊற்றுவார்கள். சிரட்டை ஒன்று பெரிதாக இருக்கும், ஒன்று சிறிதாக இருக்கும். இன்றைய காய்ச்சல் கொஞ்சம் கறுக்கும், நாளையது வெளுக்கும். ஐம்பது கிலோவும் அண்ணன் தம்பிபோல ஒரே முகமாக இருக்காது. உடைந்த ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்தபோது உள்ளே பொடிப் பொடியாக மின்னியது. தரமான சரக்கு என்று நினைத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் காபி போட்டேன். வழக்கமாகக் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்தால் அடியில் கசடு நிற்கும். கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு, தூசி, ஓலைத் துணுக்கு என்று ஏதாவது இருக்கும், வடிகட்டாமல் முடியாது. இதில் ஒன்றுமே இல்லை. பாத்திரத்தின் அடி பளிச்சென்று இருந்தது. எவ்வளவு சுத்தமாகக் காய்ச்சியிருக்கிறார்கள் என்று மனதுக்குள் அந்தப் பெரியவரை வாழ்த்தினேன். பெட்டி, டேப், பார்சல் லாரி எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய் கட்டிச் சென்னைக்கு அனுப்பிவைத்தேன்.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி கூப்பிட்டாள். குரலே சரியில்லை. அவளுடைய தோழி ஒருத்தியின் மாமியார் திசையன்விளைப் பக்கத்துக்காரராம், சின்ன வயதில் வீட்டிலேயே கருப்பட்டி காய்ச்சியவர். ஒரு துண்டை வாயில் போட்டதும் துப்பிவிட்டாராம். "இது சீனிப்பாகுல மணத்துக்குப் பழைய கருப்பட்டியைக் கரைச்சு ஊத்தினது" என்றாராம். நான் முதலில் நம்பவில்லை. கோபம்கூட வந்தது. மிச்சம் வைத்திருந்த ஒன்றை எடுத்து, பக்கத்துத் தெரு மளிகைக் கடையில் பழைய கருப்பட்டி கால் கிலோ வாங்கி வந்து, இரண்டையும் அருகருகே வைத்து மோந்து பார்த்தேன். கடைக் கருப்பட்டியில் புகையும் பதனீரும் கலந்த வாசனை இருந்தது. நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசாக உவர்ப்பு. என்னுடையதில் முதலில் ஒரு மணம், அப்புறம் வெறும் இனிப்பு, அவ்வளவுதான். அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வீட்டுச் சோதனைகளை முழுசாக நம்பிவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீரில் போட்டு எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார், உடைத்தால் மின்னுகிறதா பார் என்று பலரும் சொல்வார்கள். அப்பட்டமான போலியை அது காட்டிக்கொடுக்கும். பாதிக்குப் பாதி கலந்திருந்தால் காட்டிக்கொடுக்காது. பதனீரில் இருக்கும் இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சீனியும் அதேதான். அதனால்தான் இந்தக் கலப்படம் இவ்வளவு சுலபமாக நடக்கிறது.

இதில் என்னை அதிகம் உலுக்கியது வேறு ஒன்று. வாங்கியவர்களில் ஒருவர், கருப்பட்டி சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று நம்பி, தன் அப்பாவுக்குத் தினம் மூன்று வேளையும் அதில் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார். அவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது. நல்லவேளை, மாத்திரையைக் கூட்டிச் சரி செய்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. தயவுசெய்து இதைக் கேளுங்கள். போலியை விடுங்கள், அசல் கருப்பட்டியும் சர்க்கரைதான். சர்க்கரை நோயாளிக்கு அது மருந்து கிடையாது. அதை விற்கும்போது நானும் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

அந்த வளைவுக்கு மூன்று நாள் போனேன். இரண்டு நாள் யாரும் இல்லை. மூன்றாம் நாள் அதே பெரியவர், அதே கொட்டான்கள். கத்த வேண்டும் என்றுதான் போனேன். பக்கத்தில் போய், "ஐயா, ஐம்பது கிலோ வாங்கினேனே, ஞாபகம் இருக்கா?" என்றதும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் மரம் ஏறி ஆறு வருசம் ஆச்சு தாயி. முட்டி போயிருச்சு. வண்டிக்காரன் காலைல இறக்கிட்டுப் போவான், வித்தா கிலோவுக்கு இருபது ரூவா" என்றார். சீனிதானே என்றேன். ஆமாம் என்றார். அரிவாள் அவருடையதுதான். நெஞ்சுத் தழும்பும் உண்மைதான். வாழ்நாள் முழுக்க உழைத்த அந்த உடம்பையே விளம்பரமாக வைத்து யாரோ விற்கிறார்கள் என்று புரிந்தபோது எனக்கு வந்த கோபம் அவர்மேல் நிற்கவில்லை. வண்டிக்காரர் நம்பரைக் கேட்டேன். தரவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குப் போய் உணவுப் பாதுகாப்புத் துறை அதிகாரியைப் பார்த்தேன். கையில் ஒரு பையில் மிச்சம் இருந்த கருப்பட்டி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தைச் சொன்னார். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவுப்படி, வாங்குகிற யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பொருளைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்கலாம். தரம் சரியில்லை என்று அறிக்கை வந்தால் அந்தக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் "இதைச் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன்" என்று வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் என் வீட்டில் பிரித்து வைத்திருந்த பொருளை வைத்து இன்னொருவர்மேல் வழக்குப் போட முடியாது. அதிகாரிகளே நேரில் போய் மாதிரி எடுத்தால்தான் செல்லும். பில்லும் இல்லை, விற்றவர் பேரும் இல்லை, உணவு விற்பவருக்குத் தரப்படும் 14 இலக்கப் பதிவு எண்ணும் இல்லை. என்னிடம் இருந்தது ஒரு வளைவின் அடையாளம் மட்டும். எழுதி வாங்கிக்கொண்டு, போய்ப் பார்க்கிறோம் என்றார். நான் மூன்று வாரம் கழித்துப் போயிருக்கிறேன், அவர் என்ன செய்வார். சந்தேகம் வந்த அன்றைக்கே இடம், நேரம், வண்டியின் படத்தோடு புகார் கொடுத்தால் அவர்களால் சரக்கு இருக்கும்போதே போக முடியும். நேரில் போக முடியாதவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டு, எங்கே எப்படிப் புகார் கொடுப்பது என்று கேட்டுக்கொள்ளலாம்.

பெரிய தொகைக்குச் சாலையோரத்தில் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை கேளுங்கள்: "லேபுக்குக் கொடுத்துப் பார்ப்பேன், சரிதானே?" நல்ல சரக்கு வைத்திருப்பவர் கொடுத்துக்கோ என்பார். மற்றவர் அந்த நிமிடமே முகம் மாறுவார். ஐந்து ரூபாய் செலவில்லாத சோதனை இது. ராமேஸ்வரம் போகும் வழியில் வாளியில் தேனடையோடு தேன் விற்பவர்களிடமும், மஞ்சளாக ஒரே அளவில் மின்னும் பனங்கற்கண்டைக் குறைந்த விலைக்குத் தருபவர்களிடமும் இப்போதெல்லாம் இதைத்தான் கேட்கிறேன். வாளியில் அடை மிதப்பதால் அடியில் இருப்பது தேன் ஆகிவிடாது.

அப்புறம் அந்த இரண்டு நாள். ஒன்பது பேரையும் கூப்பிட்டேன். மூடி மறைக்கலாம், அந்த மாமியாருக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. மனசு இடம் தரவில்லை. ஏமாந்துவிட்டேன், பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னேன். ஆறு பேர் பணம் கேட்டார்கள், அவர்களுக்கு 38 கிலோவுக்கு 11,400 ரூபாய் அனுப்பினேன். மூன்று பேர் நல்லதாக வாங்கித் தரச் சொன்னார்கள். அந்தப் பன்னிரண்டு கிலோவை 420 ரூபாய் கொடுத்து, வைகாசிச் சரக்கு என்று பில்லோடு தந்த ஒரு கடையில் வாங்கி, 600 ரூபாய் பார்சலில் அனுப்பினேன். ஒருவர் மட்டும் கடுமையாகப் பேசினார். அவர் பேசியதில் தப்பில்லை. மொத்தக் கணக்கில் என் கையிலிருந்து போனது 16,340 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மாதத் தையல் வருமானம். கணவரிடம் தை மாதம் வரை சொல்லவில்லை. அங்கே வெயிலில் நின்று சம்பாதிக்கிற மனுசனிடம் எப்படிச் சொல்வது என்று உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினேன். சொன்னபோது, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பேல்ல" என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் அழுதேன்.

பங்குனியில் பக்கத்து வீட்டு அக்கா ஒருவழியாகப் போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னதும் சாயல்குடிக்கு வரச் சொல்லி, தனக்குத் தெரிந்த ஒரு விடிலிக்கு என்னை அழைத்துப் போனார். விடிலி என்றால் பனங்காட்டுக்குள் கருப்பட்டி காய்ச்சுவதற்குப் போட்ட ஓலைக் குடிசை. புருசன் நாற்பது மரம் ஏறுகிறார், காலையிலும் சாயங்காலமும். காய்ச்சுவது முழுக்க மனைவி வேலை. விடிந்ததும் அண்டாவில் பதனீரை ஊற்றித் தீ மூட்டினால் அது சுண்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடுகிறது. பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டார். துடுப்பால் கிண்டிக்கொண்டே, ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பதம் பார்த்தார். புகையில் அவர் கண் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. மணலில் பதித்த சிரட்டைகளில் ஊற்றி முடித்ததும் எண்ணினேன். அன்றைய உழைப்பு அத்தனைக்கும் ஏழு கிலோ தேறும் என்றார்.

நான் 240 ரூபாய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த விலையைச் சொல்லித்தான் யாவாரி எங்ககிட்டயும் குறைச்சுக் கேக்கான். வெறகு வாங்கவே காணாது" என்றார். என் 16,340 ரூபாயை மட்டும் இத்தனை மாதம் எண்ணிக்கொண்டிருந்தேன். இவர்கள் இழப்பது ஒவ்வொரு வருசமும், அதுவும் ஒரு தப்பும் செய்யாமல் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கேயே கிலோ 380 ரூபாய்க்குப் பத்துக் கிலோ சொல்லி, பாதிப் பணம் கொடுத்தேன். சித்திரை இரண்டாம் வாரம் வரச் சொன்னார், போய் எடுத்து வந்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்றின் அடியில் ஓலைத் துணுக்கு ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒரு துண்டைத் தட்டிக் காபிக்குக் கரைத்தேன். வடிகட்டிய பிறகு பாத்திரத்தின் அடியில் விரல்நுனி அளவுக்குப் பழுப்பாகக் கசடு நின்றது. பிள்ளைகளைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன்.